மெயில் பெட்டிக்குள்ளேயே வேலைப் பட்டியல்: கன்னியாகுமரி லாட்ஜ் மேஜையில் நான்கு செயலிகள்

கன்னியாகுமரியில் ஒரு சின்ன லாட்ஜின் முன்பதிவு மேஜையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். மேஜையில் மூன்று பேர். பகலில் நான், இரவில் ஒரு அண்ணன், கணக்குப் பார்க்க ஒரு தங்கச்சி. எங்கள் வேலையில் பெரும்பங்கு மெயிலாகத்தான் வந்து விழுகிறது. அறை வேண்டும், அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன், வேன் ஏற்பாடு செய்யுங்கள், பில்லில் ஜிஎஸ்டி எண் சேருங்கள், தேதியை மாற்றுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், திப்ரூகரில் இருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பம் வந்தது. கூட வந்த வயதான அம்மாவால் நடக்க முடியாது. ஸ்டேஷனுக்கு வேனும் சக்கர நாற்காலியும் வேண்டும் என்று இருபது நாளுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். நான் சரி என்று பதில் போட்டேன், மறக்காமல் இருக்க மெயிலுக்கு ஒரு நட்சத்திரமும் போட்டேன். அதற்குள் சபரிமலை சீசன் மெயில்கள் குவிந்து, நட்சத்திரம் போட்டவை மட்டும் நூறைத் தாண்டிவிட்டன. மூன்று நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள் பிளாட்பாரத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த அம்மாவின் வீங்கிய கால்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

தவறு என்னுடையது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மெயிலில் இருப்பது அது வந்த தேதி. செய்ய வேண்டிய தேதி அதில் எங்கும் இல்லை. இன்பாக்ஸ் வந்த வரிசையில் அடுக்குகிறது, எனக்கோ செய்ய வேண்டிய நாள் வரிசையில் வேண்டும். நட்சத்திரம் 'இது முக்கியம்' என்று சொல்லும், 'எப்போது' என்று சொல்லாது. தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தால் தேதி கிடைக்கும்; ஆனால் மெயிலைத் திரும்பத் தேட வேண்டும். வேனுக்கு எத்தனை பேர், எந்தக் கோச், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் எல்லாம் மெயிலில்தானே இருக்கிறது? ஆகவே மெயிலையே வேலையாக மாற்றித் தரும் செயலிகளாகத் தேடினேன். ஜிமெயிலோடு வரும் கூகுள் டாஸ்க்ஸ், அவுட்லுக்கோடு வரும் மைக்ரோசாஃப்ட் டூ டூ, கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவச மெயில் செயலியான தண்டர்பேர்டு, ஜோஹோ மெயில் என்று நான்கையும் எங்கள் மேஜையில் வைத்தே பார்த்தேன்.

வேலையில் இருந்து மெயிலுக்கு வழி

எனக்கு முதல் சோதனை இதுதான். ஒன்றரை மாதம் கழித்து அந்த வேலையைத் தொட்டால் அதன் மெயில் திறக்கிறதா?

ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, மேலே உள்ள பட்டையில் டாஸ்க்காகச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் போதும். விசைப்பலகையில் ஷிஃப்டும் டி எழுத்தும் சேர்த்து அழுத்தினாலும் நடக்கும். அதற்கு அமைப்புகளில் குறுக்கு விசைகளை இயக்கி வைத்திருக்க வேண்டும். வலது ஓரத்தில் பட்டியல் விரியும். மெயிலின் தலைப்பே வேலையின் பெயராகும், கீழே அந்த மெயிலுக்கு ஓர் இணைப்பு நிற்கும். பெயரை மட்டும் நான் மாற்றிவிடுவேன். 'Re: Booking' என்று இருப்பதை 'வேன், 4 பேர், ஸ்டேஷன்' என்று எழுதிவிட்டால் பார்த்தவுடன் புரியும். தேதி போட்டால் கூகுள் காலண்டரிலும் அது வந்து உட்காரும். ஃபோனில் ஜிமெயில் செயலியிலும் இதே வசதி இருக்கிறது. பழகுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அவுட்லுக்கில் வேலைக்குத் தொடக்கம் கொடி. பழைய அவுட்லுக்கில் மெயிலின் ஓரத்துக் கொடியை வலது க்ளிக் செய்தால் இன்று, நாளை, இந்த வாரம், அடுத்த வாரம் என்று கேட்கும்; குறிப்பிட்ட நாளும் போடலாம், மணியடிக்கும் நேரமும் வைக்கலாம். கொடியும் தேதியும் ஒரே இடத்தில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. நட்சத்திரத்தில் எனக்கு இல்லாமல் போனது இதுதான். கொடி போட்ட மெயில்கள் டூ டூ செயலியில் தனிப் பட்டியலாக வந்து சேரும், அங்கிருந்து மெயிலைத் திறக்கலாம். ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. மைக்ரோசாஃப்டிடம் இருக்கும் மெயில் கணக்குக்குத்தான் இந்த இணைப்பு வேலை செய்யும். நம்மூர்க் கடைகளிலும் லாட்ஜுகளிலும் பலர் ஜிமெயில் முகவரியை அவுட்லுக்கில் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவர்கள் போடும் கொடி டூ டூவுக்குப் போகாது. இது தெரியாமல் கொடியை நம்பி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை தவறிவிடும்.

தண்டர்பேர்டில் மெயிலை வலது க்ளிக் செய்து, வேலையாக மாற்று என்று சொல்ல வேண்டும். தலைப்பு வேலையின் பெயராகிறது, மெயிலில் உள்ள வாசகம் முழுவதும் குறிப்பாக உள்ளே வந்துவிடுகிறது. மெயிலைத் திறக்காமலே வேலையிலேயே எல்லாம் படிக்கலாம். இன்னொரு சின்ன வசதியும் உண்டு. தண்டர்பேர்டில் ஒன்று முதல் ஐந்து வரை எண்களை அழுத்தினால் மெயிலுக்கு வண்ண முத்திரை விழும். நான்காம் எண் 'செய்ய வேண்டியது', ஐந்தாம் எண் 'பிறகு'. காலையில் அறுபது மெயிலை வேகமாகப் பிரிக்கும்போது ஒரு விரல் போதும்.

ஜோஹோ மெயிலிலும் மெயிலில் இருந்தே வேலை உருவாக்கலாம். முன்னுரிமை, தேதி, நினைவூட்டல் எல்லாம் உண்டு. அதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நெட் இல்லாத நாள்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ரப்பரும் வாழையும் மொத்தமாகச் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்தத் துக்கத்துக்கு முன்னால் மேஜை வேலை ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அறைகளில் விருந்தினர் இருந்தார்கள், வழியில் கிளம்பியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் ஓடியது. நெட் இல்லை. முன்பதிவு மெயில்கள் எல்லாம் எங்கேயோ இணைய சர்வரில் இருந்தன. யார் யார் வர வேண்டியவர்கள் என்று அந்த இரவு அண்ணன் நோட்டைப் புரட்டிப் புரட்டித் தேடினார்.

இந்த ஒரு கேள்வியில் எனக்குத் தண்டர்பேர்டுதான் முதலில். அது மெயில்களின் பிரதியைக் கணினியிலேயே இறக்கி வைக்கிறது. வேலைகளும் அதே கணினியில் இருக்கின்றன. கரண்ட் இருந்தால் போதும், எல்லாம் கையில். அவை இருக்கும் கோப்புறையை மொத்தமாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். ஜிமெயிலுக்கும் நெட் இல்லாதபோது படிக்கும் அமைப்பு உண்டு. குரோமில் அதை இயக்கினால் 7, 30 அல்லது 90 நாள் மெயில்களைச் சேமித்து வைக்கும். ஆனால் அதைப் புயலுக்கு முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் அந்த அமைப்பு இருப்பதையே அறிவதில்லை. இதைப் படித்து முடித்தவுடன் தயவுசெய்து இயக்கி வையுங்கள்.

தண்டர்பேர்டின் குறையும் அதே காரணத்தில் இருந்துதான் வருகிறது. வேலைகள் கணினியில் இருப்பதால் ஃபோனில் இல்லை. ஆண்ட்ராய்டுக்கு 2024 அக்டோபரில் தண்டர்பேர்டு வந்துவிட்டது. அது மெயிலுக்கு மட்டும்தான், வேலைப் பட்டியல் அதில் கிடையாது. கூகுள் காலண்டரைத் தண்டர்பேர்டில் நேரடியாக இணைத்தால் நிகழ்ச்சிகள் வரும், டாஸ்க்ஸ் வராது. சந்தைக்குப் போயிருக்கும்போது 'இன்று என்ன வேலை' என்று ஃபோனை எடுத்துப் பார்க்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

மூன்று பேர், ஒரு மேஜை

ராத்திரி அண்ணன் வந்தவுடன் கேட்பது ஒரே கேள்வி. "யம்மா, அந்த மூணாம் தேதி வேன் காரியம் என்னாச்சு?" நான் வீட்டுக்குப் போன பிறகு அவர் இதை யாரிடமும் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். என் கணக்கில் இதுதான் மிகப் பெரிய கேள்வி.

வெளிநாட்டு விருந்தினர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் விவரங்களைக் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டும். எங்கள் வாயில் அதற்கு 'சி ஃபார்ம்'. இரவு பதினொன்றுக்கு வந்து இறங்குபவருக்குப் பாஸ்போர்ட் நகல் எடுப்பவர் அண்ணன், ஃபார்ம் போடுபவள் நான். பாதி வேலை அவரிடம், பாதி என்னிடம். யார் எதை முடித்தார் என்று இரண்டு பேருக்கும் தெரியாவிட்டால் அது யாருடைய வேலையும் இல்லாமல் போகும்.

கூகுள் டாஸ்க்ஸில் ஜிமெயில் ஓரத்துப் பட்டியலை இன்னொரு கணக்கோடு பகிர வழியில்லை. நம் ஊரில் பலரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல், மூன்று பேர். அப்போது பட்டியல் எல்லோருக்கும் தெரியும். யார் டிக் செய்தார் என்பது தெரியாது. ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். ஒரு மெயிலைக் குறிப்பிட்ட நாள் வரை மறைத்து வைக்கும் ஜிமெயிலின் ஒத்திவைக்கும் (ஸ்னூஸ்) வசதியும் பொதுக் கணக்கில் ஆபத்து. நான் ஒரு மெயிலை மூன்று நாள் ஒத்திவைத்தால் இன்பாக்ஸில் இருந்து அது மறைகிறது. அண்ணன் தேடுவார், கிடைக்காது, வரவே இல்லை என்று நினைப்பார். தனியாள் என்றால் அது அருமையான வசதி.

டூ டூவில் பட்டியலைப் பகிரலாம், பெயர் போட்டு ஒப்படைக்கலாம். ஆனால் கொடி போட்ட மெயில்களின் பட்டியல் பகிரும் வகையைச் சேர்ந்ததல்ல. மெயிலோடு ஒட்டிய பட்டியல் எனக்கு மட்டும், பகிரக்கூடிய பட்டியல் மெயில் இல்லாமல். நான் தேடி வந்த விஷயமே அங்கே பிரிந்துபோகிறது. தண்டர்பேர்டில் பகிர வேண்டுமென்றால் கால்டேவ் என்ற காலண்டர் பகிரும் முறையில் தனி சர்வர் ஏற்பாடு வேண்டும். கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் செய்யலாம். லாட்ஜ் மேஜைக்கு அது அதிகம்.

ஜோஹோ இங்கேதான் முன்னால் வருகிறது. 1996-ல் வேறு பெயரில் தொடங்கி, தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் நமக்கு அதன் மேல் ஒரு பாசம் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. மூவருக்கும் பொதுவாக ஒரு குழு. குழுவுக்குள் வேலையை உருவாக்கி, ஆள் பெயர் போட்டு ஒப்படைக்கலாம். மெயிலையே குழுவில் பகிர்ந்து, அதன் கீழே பேசிக்கொள்ளவும் செய்யலாம். 'அண்ணே, பாஸ்போர்ட் நகல் எடுத்ததும் இதுல ஒரு வார்த்தை போட்டிருங்க' என்று நான் எழுதுவதும், 'எடுத்தாச்சு' என்று அவர் எழுதுவதும் வாடிக்கையாளருக்குப் போகாது, மெயிலோடு சேர்ந்தே நிற்கும். காலையில் வந்து பார்த்தால் கதை முழுவதும் அங்கே இருக்கும்.

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. அலுவலகம் போல நடத்தச் சொந்த டொமைன், அதாவது நம் பெயரில் ஓர் இணைய முகவரி வேண்டும், அதற்கு வருடச் சந்தா உண்டு. இலவசத் திட்டம் 5 பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. ஜிமெயிலில் இலவசமாக 15 ஜிபி கிடைக்கிறது. ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் தண்டர்பேர்டு போன்ற வெளிச் செயலிகளை இணைக்கவும் முடியாது. அதற்குப் பணம் கட்டும் திட்டத்துக்குப் போக வேண்டும். புயல் நாள் பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்தப் பணத்தைக் கட்டத்தான் வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் நாட்களைத் தங்கச்சி ஒருமுறை போட்டுவிட்டால் அது தானாக வந்து நிற்கும். சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் எதுவும் உதவாது. ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்க வருகிறவர்கள் சில மாதம் முன்பே எழுதத் தொடங்குவார்கள். அது பஞ்சாங்கத்தைப் பார்த்து வருடாவருடம் கையால் போட வேண்டிய தேதி.

எதை எடுப்பது? ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவர், தோவாளையில் இருந்து பூ அனுப்புபவரோ வீட்டில் இருந்து ஏத்தங்காய் சிப்ஸ் விற்பவரோ, ஜிமெயிலையும் டாஸ்க்ஸையும் எடுக்கட்டும். வேறு யோசனையே வேண்டாம். அலுவலகம் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஓடுகிறது என்றால் அவுட்லுக் கொடிதான் நல்லது, அதை விட்டு வெளியே போகாதீர்கள். நெட் விட்டு விட்டு வரும் மலையோரப் பகுதியில், பேச்சிப்பாறை பக்கமோ கடையாலுமூடு பக்கமோ, ஒரே கணினியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குத் தண்டர்பேர்டு. இரண்டு பேருக்கு மேல் ஷிஃப்ட் மாறி உட்காரும் மேஜைக்கு ஜோஹோ.

நாங்கள் ஜோஹோவுக்குப் பணம் கட்டும் திட்டத்தில் இருக்கிறோம். அதே கணக்கு மேஜைக் கணினியில் தண்டர்பேர்டிலும் திறந்திருக்கிறது. வேலைகளை அதில் வைப்பதில்லை. மெயில்களின் பிரதி கையில் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும். வேன் கேட்டு வரும் மெயிலை வாசித்த அந்த நிமிடமே வேலையாக மாற்றி, ரயில் வரும் நாளைத் தேதியாகவும் அதற்கு முந்தைய நாள் மாலையை நினைவூட்டலாகவும் போட்டு, அண்ணன் பெயரில் ஒப்படைத்துவிடுகிறேன். அதன் பிறகுதான் விருந்தினருக்குப் பதில் எழுதுகிறேன்.