ஓடிபி வந்துச்சா மாமா?

இந்த முறை நியூஜெர்சியிலிருந்து ஊருக்குப் போனதில் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் என் வயதுக்காரர்களுக்கு நிறுத்தத் தெரியாது.

பாளையங்கோட்டையில் அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு வில்லங்கச் சான்று தேவைப்பட்டது. தொண்ணூறுகளில் இதே வேலைக்காக சார்பதிவாளர் ஆபீசுக்கு நடையாய் நடந்திருக்கிறேன். மனு எழுதித் தர ஒருவர், அதை உள்ளே கொண்டுபோக இன்னொருவர், "நாளைக்கு வாங்க" என்று சொல்ல மூன்றாவதாக ஒருவர். மூவரையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். இந்த முறை தங்கை மகன் சோபாவில் சாய்ந்தபடியே பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைத் தட்டினான். காப்பி ஆறுவதற்குள் 1975 முதலான பதிவுகள் திரைக்கு வந்துவிட்டன. பட்டாவும் அப்படியே வந்தது. தாசில்தார் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கியூஆர் கட்டம், அவ்வளவுதான்.

நியூஜெர்சியில் எங்கள் வயதுக்காரர்கள் கூடினால் 'அந்தக் காலத்தில் மனுஷன் முகம் பார்த்துப் பேசினான்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் நினைத்துப் பார்த்தால், அந்த ஆபீஸ்களில் யார் என் முகத்தைப் பார்த்தார்கள்? கூட யாராவது தெரிந்தவர் வந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்தார்கள். போனது போகட்டும்.

ரயிலும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. சென்னை–நெல்லை வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. சுமார் 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. பழைய ராத்திரி வண்டியில் செங்கல்பட்டு வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர் நம் சாதியில் ஆரம்பித்து சம்பளம் வரைக்கும் விசாரித்து முடித்திருப்பார். இப்போது எல்லார் காதிலும் இயர்போன். எனக்கு வருத்தமில்லை. தூங்கிக்கொண்டே வந்தேன்.

வினை வேறு இடத்தில் காத்திருந்தது. வீட்டு வாடகை வந்து விழும் என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) சேர்த்திருந்த என் இந்திய மொபைல் எண் செத்துப்போயிருந்தது. தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் ப்ரீபெய்டு எண்ணை நிறுத்திவிட்டு, அப்புறம் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ரீசார்ஜ் தவறாமல் போய்க்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தோம். எங்கோ நடுவில் அறுந்துவிட்டது. அந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டுப் பார்த்தேன். விருதுநகர் பக்கத்துக்காரர் ஒருவர் எடுத்தார். "அது நீங்கதானா சார்? உங்க பேங்க் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது. வாடகை இந்த மாசம் ஏறிடுச்சு" என்றார். நல்ல மனிதர். வேறு ஆள் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சரி, எண்ணை மாற்றிவிடலாம் என்று கிளைக்குப் போனால், அதைச் செயலியில்தான் செய்ய வேண்டும் என்றார்கள். செயலியைத் திறந்தால், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்கிறது. பதிவு செய்த எண் விருதுநகரில் இருக்கிறது. மேசையில் இருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது சார்" என்று திரையை என் பக்கம் திருப்பியே காட்டினாள். நான் நேரில் நிற்கிறேன், பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, இருபது வருடத்துக்கு முந்தைய கையெழுத்து மாதிரி அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் நான்தான் நான் என்பதை அந்த எண் வந்து சொல்ல வேண்டும்.

புது சிம் வாங்கியது தனிக் கூத்து. வெளிநாட்டு பாஸ்போர்ட், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை, உள்ளூரில் ஒருவருடைய எண், அப்புறம் கடைப் பையனின் போன் கேமரா முன்னால் நின்று கண்ணை மூடித் திறக்க வேண்டும். மூன்று முறை திறந்தேன். "இன்னும் கொஞ்சம் பெருசா முழிங்க சார்" என்றான்.

கையில் ரூபாய் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். யூபிஐ வந்தது 2016இல். இப்போது நெல்லையப்பர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம்கூட 'பணம் வந்துவிட்டது' என்று அறிவிக்கும் பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சங்கடத்தோடு பார்க்கிறார்கள். எல்லாரும் போனில் கொடுப்பதால் கடையில் சில்லறை சேருவதே இல்லை. அமெரிக்கா உட்படச் சில நாடுகளின் எண்ணை வைத்துக்கொண்டே என்ஆர்ஓ கணக்கில் யூபிஐ பயன்படுத்த 2023இல் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டுமே! இளநீரிலிருந்து ஆட்டோ வரை மருமகப்பிள்ளைதான் கொடுத்தான். ராத்திரி அவனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து நோட்டாகத் தருவேன். சின்னப் பிள்ளையில் அவன் கையில் பத்து ரூபாய் திணித்தவன் நான்.

நானாவது விருந்தாளி, கிளம்பிப் போய்விடுவேன். ஊரிலேயே இருக்கிறவர்களின் நிலைமை எனக்கு உறுத்தியது. என் பள்ளித் தோழர் ஒருவர், தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஒரு பள்ளிக்கூடத்தின் மொத்தக் கணக்கையும் பைசா பிசகாமல் பார்த்தவர். இன்று அவருடைய பென்ஷன் கணக்கு, கரண்ட் பில், கேஸ் புக்கிங் எல்லாம் பெங்களூரில் இருக்கும் மகன் போனில். பாஸ்வேர்டு எதுவும் இவருக்குத் தெரியாது. மகன் கூப்பிட்டு "ஓடிபி வந்துச்சாப்பா?" என்று கேட்பான். இவர் கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு எண்களை வாசிப்பார். அவருடைய பணத்தில் அவருக்கு மிச்சம் இருக்கும் அதிகாரம் அந்த ஆறு எண்கள்தான். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் ஏன் கிழவர்களையே குறிவைக்கிறார்கள் என்பது அவர் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. எதற்கு எண் கேட்கிறார்கள் என்று கேட்காமல் வாசித்துப் பழக்கிவிட்டோம்.

அவர் வீட்டுக்குப் பென்ஷனுக்கான ஆயுள் சான்றுக்காகத் தபால்காரர் வருகிறார். எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு, தன் போனிலேயே பதிவு செய்துவிட்டுப் போகிறார். அதே தொழில்நுட்பம்தான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வாசலுக்கு வருகிறார்.

அக்கா வீட்டில் பார்த்ததும் அதுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பேப்பரில் படித்தபோது, தேர்தல் விளம்பரம் என்று பக்கத்தைத் திருப்பியிருந்தேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தன்னார்வலர் பெண் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். அக்கா கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள், விரலில் குத்தி சர்க்கரை பார்த்தாள். "பெரியம்மா, மாத்திரை ஒழுங்கா போட்டியளா?"

"அதெல்லாம் போட்டேன்."

"டப்பாவ எடுத்தாங்க, பாப்போம்." அட்டைகளை வெளியே கொட்டி, மீதமிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். "நாலு கூட இருக்கே?"

"கல்யாண வீட்டுக்குப் போனேம்மா…"

"கல்யாண வீட்ல தண்ணி கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, விவரத்தைப் போனில் ஏற்றினாள். நியூஜெர்சியில் என் டாக்டரின் போர்ட்டல் எனக்கு மாதாமாதம் நினைவூட்டல் அனுப்புகிறது. அதனிடம் நான் தாராளமாகப் பொய் சொல்லியிருக்கிறேன்.

அக்காவைப் பற்றி இன்னொன்று. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 'ஓசி பஸ்' என்று நக்கலடிக்கும் ஆண்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அத்தான் இருந்தவரை அக்கா எங்கே போவதென்றாலும், எதற்கு, யாரோடு, எவ்வளவு ஆகும் என்ற மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். போன வாரம் அவளைக் காலையிலிருந்து காணவில்லை என்று நாங்கள் பதறிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளைப் பார்க்கப் போயிருக்கிறாள். போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "சும்மாதான் போனேன்" என்றாள், வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை. எண்ணை மாற்றும் படிவத்தை இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பத்தோடு தபாலில் அனுப்ப வேண்டுமாம். நான் நேரிலேயே அதே கிளையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் இதைச் சொன்னார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மேசை, ஆளைப் பார்த்து அடையாளம் கண்டு கையெழுத்துப் போட அதிகாரமுள்ள ஒருவர். எல்லாக் கிளையிலும் இவ்வளவு வைத்தால் போதும். அது வரும்வரை விருதுநகர்க்காரர் மாதம் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் வாடகை வந்த விவரம் அனுப்புகிறார். பொங்கலுக்கு அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும்.