திருகோணமலை டவுன்ல ஒரு பொது மண்டபம்: இடம் நல்லம், ஆனா வாடகைக் கணக்கு வெளியில வரோணும்

உள்ளூராட்சித் தேர்தல் நேரம் எங்கட சங்கீத வகுப்புப் பிள்ளையளின்ட விழாவுக்கு டவுன்ல ஒரு பொது மண்டபம் எடுத்தனாங்கள், பேர் போடேல்ல. மண்டபம் உண்மையா நல்லம், ஜன்னலெல்லாம் திறந்துவிட்டா கடல் காத்து நேரா உள்ள வருது, கடைசி வரிசையில இருந்த அம்மம்மாக்களுக்கும் பாட்டு தெளிவா கேட்டது, பாத்றூமும் துப்புரவு. காவல்கார ஐயா கடைசிக் கதிரை அடுக்கும் வரைக்கும் எங்களோட நிண்டவர், அவருக்கு நன்றி.

என்ர மனவருத்தம் கவுண்டரில. நோட்டீஸ் போர்ட்ல பள்ளிக்கூடம், கோயில், கலியாணம் எண்டு ஒவ்வொண்டுக்கும் வாடகை எழுதி சீல் அடிச்சு ஒட்டியிருக்கு, நாங்களும் அதின்படி காசும் டெபாசிட்டும் கட்டி காபன் வச்ச ரிசீட் எடுத்தனாங்கள். கட்சிக் கூட்டத்துக்கு மட்டும் அந்தத் தாளில ஒரு வரி கூட இல்ல. அடுத்த நாள் அங்க ஒரு கட்சிக்கூட்டம் எண்டு தெரியும், அவை எவ்வளவு கட்டினவை எண்டு கேட்டன், "அது மேல கதைச்சு முடிச்சது தம்பி" எண்டு சொல்லிப்போட்டு புத்தகத்த மூடிட்டினம்.

இது சின்ன விசயம் இல்ல. 2023ம் ஆண்டு 3ம் இலக்க தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி போட்டியிடுற ஆக்கள் முடிவு வந்து 21 நாளுக்குள்ள வந்த நன்கொடை, செய்த செலவு ரெண்டுக்கும் கணக்குக் குடுக்கோணும், செலவுக்கு உச்சவரம்பும் இருக்கு, 2024 ஜனாதிபதித் தேர்தல்ல அது ஒரு வாக்காளருக்கு 109 ரூவா. அரசாங்க நிறுவனங்களிட்ட நன்கொடை வாங்கவும் ஏலாது. அப்ப எங்கட வரிக்காசில கட்டின மண்டபத்த ஒரு கட்சிக்கு சும்மாவோ அரைவாசிக் காசுக்கோ குடுத்தா அது நன்கொடை இல்லாம வேற என்ன? கட்சி தன்ர கணக்கில மண்டப வாடகை எண்டு ஒரு தொகை எழுதினாலும் அத ஒப்பிட்டுப் பாக்க மண்டபத்தின்ட ரிசீட் வெளியில இருந்தா தானே பொய்யா உண்மையா எண்டு தெரியும். எந்தக் கட்சியெண்டாலும் இதத்தான் சொல்லுவன், முழுக்காசு கட்டின கட்சிக்கும் இது நல்லம், ஒருத்தரும் வீணா சந்தேகப்பட மாட்டினம்.

செய்யிறது லேசு. அதே போர்ட்ல இன்னொரு தாள், ஆர் எடுத்தது, எண்டைக்கு, எவ்வளவு கட்டினது, ரிசீட் நம்பர், அவ்வளவுதான். ஒட்டாட்டி 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுதிக் கேக்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லியே ஆகோணும். நான் எழுதிக் குடுத்திட்டன்.

மண்டபத்துக்கு அஞ்சில நாலு, கவுண்டருக்கு ஒண்டு. எடுக்கிற ஆக்கள் ஜெனரேட்டர் டீசலுக்கு வேற காசு எண்டத முதலே கேட்டுக்கொள்ளுங்கோ, ரிசீட்ல நிகழ்ச்சியின்ட பேரையும் எழுதுவிச்சு எடுங்கோ.