லவிங், கலவாவோ: ஆள் குறைந்த இரு கவுன்டிகள்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவான கவுன்டிகள் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றை மக்கள்தொகைப்படி வரிசைப்படுத்தினால் கடைசி இரு இடங்களில் டெக்சஸ் மாநிலத்தின் லவிங்கும் ஹவாய் மாநிலத்தின் கலவாவோவும் வருகின்றன. 2020 கணக்கெடுப்பில் லவிங்கில் 64 பேரும் கலவாவோவில் 82 பேரும் இருந்தனர். எண்ணை மட்டும் பார்த்தால் லவிங்தான் சிறியது. ஆனால் அந்த எண்கள் எப்படி உருவாயின என்று தேடிப் பார்த்த பிறகு, இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் நிலம். லவிங் கவுன்டி டெக்சஸின் மேற்கில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி, பேகோஸ் ஆற்றங்கரையில் சுமார் 1,730 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளி. கணக்குப் போட்டால் ஒருவருக்கு 27 சதுர கிலோமீட்டர் வருகிறது. நல்ல குடிநீர் கிடைக்காததால் தலைநகரான மென்டோனுக்கு நெடுங்காலம் வெளியிலிருந்து வண்டியில்தான் தண்ணீர் வந்தது. கலவாவோவின் நிலப்பரப்போ ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர்தான். நிலப்பரப்பில் நாட்டிலேயே மிகச் சிறிய கவுன்டி அதுவே. மொலோக்கய் தீவின் வடகரையில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கலவ்பாபா தீபகற்பமும், அதன் முதுகில் செங்குத்தாக எழும் மலைச்சுவரும், பள்ளத்தாக்குகளும் சேர்ந்ததே அந்தக் கவுன்டி. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் பாறை. தீவின் மற்றப் பகுதியிலிருந்து அங்கே செல்ல வண்டிச்சாலை கிடையாது. 26 வளைவுகள் கொண்ட ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் உண்டு. கனமான சரக்கு ஆண்டுக்கு ஒரு முறை தட்டைப் படகில் கடல் வழியாக வருகிறது.

லவிங்கின் வரலாற்றை விரைவில் சொல்லிவிடலாம். 1867இல் கால்நடை ஓட்டிச் செல்லும் வழியில் கொமான்சி பூர்வகுடியினரின் தாக்குதலில் காயமுற்று இறந்த ஆலிவர் லவிங்கின் பெயரால் 1887இல் இக்கவுன்டி வரையப்பட்டது. 1890 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 3 பேர். அப்படியிருந்தும் 1893இல் போதிய வாக்காளர் இருப்பதாகக் காட்டி ஒரு கூட்டம் கவுன்டி நிர்வாகத்தை அமைத்துக்கொண்டது. மோசடி வெளிப்பட்டு 1897இல் அது கலைக்கப்பட்டது. 1920களில் எண்ணெய் கிடைத்து ஆட்கள் வந்த பின், 1931இல் மீண்டும் அமைக்கப்பட்டது. டெக்சஸில் இருமுறை அமைக்கப்பட்ட கவுன்டி இது ஒன்றே.

கலவாவோவின் வரலாற்றை அவ்வளவு விரைவாகக் கடக்க முடியாது. அந்தத் தீபகற்பத்தில் ஹவாய் மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து பயிர் செய்துவந்தனர். ஹவாய் தனி முடியரசாக இருந்த 1865இல், ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் காலத்தில், தொழுநோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1866 ஜனவரியில் முதல் நோயாளிகள் அங்கே இறக்கிவிடப்பட்டனர். ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் நாளடைவில் அப்புறப்படுத்தப்பட்டனர். 1969இல் அந்த விதி நீங்கும்வரை ஏறத்தாழ 8,000 பேர் அனுப்பப்பட்டனர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹவாய் பூர்வகுடியினர். அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்லப்பட்டனர். பார்க்க வந்த உறவினரும் நோயாளியும் நடுவில் கம்பிவலை இருக்க, இருபுறமும் அமர்ந்து பேசினர்.

1873இல் வந்த பெல்ஜியக் குரு டேமியன் வீடு கட்டினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், பெட்டி செய்து இறந்தவரை அடக்கம் செய்தார். 1884இன் இறுதியில் ஒரு நாள் அவர் கொதிநீரில் காலை வைத்தார். தோல் வெந்தது, சூடு உறைக்கவில்லை. நோய் தமக்கும் வந்துவிட்டதை அவர் அறிந்துகொண்டது அப்படித்தான். 1889இல் அங்கேயே இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த கன்னியாஸ்திரீ அன்னை மரியான் கோப் 1918இல் தாம் இறக்கும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். இருவரையும் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்துள்ளது. ஆனால் பெயர் தெரியாமல் புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை விட்டுவிட்டு இந்த இருவரை மட்டும் நினைவுகூர்வது அந்த மண்ணுக்குச் செய்யும் நியாயமாகாது.

இனி மக்கள்தொகை எண்களைப் பார்க்கலாம். லவிங்கில் 1940இல் 285, 1980இல் 91, 2000இல் 67, 2010இல் 82 என எண்ணெய் விலையோடும் வேலையோடும் கணக்கு ஏறி இறங்குகிறது. பிழைப்புத் தேடி வந்தவர்கள், பிழைப்புப் போனதும் கிளம்பினார்கள். இன்றும் நிலத்தடி எண்ணெய்க்காக வரும் தொழிலாளர்களில் பலர் முகாம்களில் தங்குவதால், வேறு ஊர்க்காரராகவே எண்ணப்படுகின்றனர். கலவாவோவில் 1900இல் 1,177 பேர் இருந்தனர். பின்னர் 1950இல் 340, 1970இல் 172, 2010இல் 90. இங்கே எண்ணைக் கூட்டியது சட்டம். 1940களில் தொழுநோய்க்கான சல்ஃபோன் மருந்து வந்து புதிய நோயாளிகள் குறைந்ததும், எண்ணைக் குறைத்தது பெரும்பாலும் மரணமே. இன்று அங்கே இருப்போரில் மிகுதியானோர் சுகாதாரத் துறையிலும் தேசியப் பூங்காவிலும் பணிபுரிபவர்கள்.

நிர்வாகத்திலும் இரண்டும் எதிரெதிர் துருவங்கள். பிள்ளைகள் பக்கத்துக் கவுன்டியின் விங்க் ஊருக்குப் படிக்கச் சென்றாலும், லவிங்குக்கு நீதிபதி, ஷெரிஃப் எனும் காவல் தலைவர், ஆணையர்கள் எல்லோரும் உண்டு, அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1945இல் டெக்சஸின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் ஷெரிஃபைத் தந்ததும் இதே கவுன்டிதான். அந்த வகையில், தன்னைத் தானே ஆளும் ஊர் எத்தனை சிறியதாக இருக்க முடியும் என்று அறிய விரும்புவோர் லவிங்கைத்தான் பார்க்க வேண்டும். கலவாவோவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கமே இல்லை. மாநிலச் சுகாதாரத் துறை அதை நடத்துகிறது, அதன் இயக்குநரே மேயராகக் கருதப்படுகிறார். நோயாளிகள் விரும்பும்வரை அங்கேயே வாழலாம் என்று 1980இல் தேசியப் பூங்காவை உருவாக்கிய சட்டம் உறுதியளித்தது. எங்கும் போகலாம் என்று 1969இல் விடுதலை கிடைத்தபோதும், பலர் அந்த மலையடியிலேயே இருந்துவிட்டனர். அவர்களுக்கு வீடும் உற்றாரும் நட்பும் அங்கேதான் இருந்தன.