காலின்ஸ் கோபில்டு டிக்சனரி: இங்கிலீஷ் ஓரளவு தெரிஞ்சவிய வாங்கலாமுங்களா?

தாராளமா வாங்கலாமுங்க. திருப்பூர்ல மெர்ச்சன்டைசர் வேலை எனக்கு, நாள் முச்சூடும் துணி ஆர்டர் குடுக்கற பையரோட மெயில்தான். ஷிப்மென்ட் டேட், லேப் டிப் (சாயச் சாம்பிள்) அப்ரூவல் எல்லாம் இருக்கற இங்கிலீஷ்லயே ஓடிரும், ஆனா ஷேட் வேரியேஷன், அதாவது கலர் மாறி வந்துருச்சு, பையர் கோவப்படாம நம்ம பக்கத்தை ஒத்துக்கற மாதிரி பக்குவமா எழுதோணும்னா அங்கதான் வார்த்தை பத்தாது. அதுக்கு வேர்டு லிஸ்ட் புக்கு எனக்கு ஒத்தே வர்லீங்க. இந்தப்பக்கம் வார்த்தை, எதுத்தாப்புல ஒத்தை வரி அர்த்தம். நூல் கவுண்ட்டை மட்டும் சொல்லிட்டு துணியத் தொட்டுப் பாக்க உடாத மாதிரி.

கோபில்டுல அர்த்தமே முழு வாக்கியமா இருக்குமுங்க. மிட்டிகேட்னு எடுத்தா சும்மா 'கொறைக்கறது'ன்னு போட்டுட்டு போறதில்ல, ஒரு விசயத்தை மிட்டிகேட் பண்றதுன்னா அதோட கெடுதலையோ வலியையோ கொறைக்கறதுங்கற தோரணையில வார்த்தையவே வாக்கியத்துக்குள்ள உக்கார வெச்சு சொல்லுவாங்க, அதப் படிச்ச ஒடனே ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் மாதிரி சங்கதிக்குத்தான் இது வரும், பீஸ் ரேட்டைக் கொறைக்கறதுக்கு வராதுன்னு நமக்கே புரிஞ்சிரும். கீழ வர்ற உதாரண வாக்கியமும் யாரோ நெசமா எழுதினது, பேசினதுல இருந்து எடுத்ததுதான்.

மொதப் பதிப்பு 1987ல வந்துச்சு. பர்மிங்காம் யுனிவர்சிட்டில ஜான் சின்க்ளேர்ங்கற பேராசிரியர் தலைமைல, பேப்பர், புக்கு, பேச்சுன்னு புழக்கத்துல இருக்கற இங்கிலீஷை ஒட்டுக்கா கம்ப்யூட்டர்ல சேத்து, எந்த வார்த்தை எதுகூட ஒட்டிட்டு வருதுன்னு பாத்து எழுதின டிக்சனரி. அவரு எடுத்துக் காட்டினதுல எனக்கு ரொம்பப் புடிச்சது 'செட் இன்'. ஆரம்பிக்கறதுன்னுதான் அர்த்தம், ஆனா செட் இன் ஆகறது பெரும்பாலும் அழுகல், பீதி, விரக்தி மாதிரி வேண்டாததுதான். இத ஒத்தை வரி அர்த்தத்துல எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

பால் நேஷன்ங்கற ஆராய்ச்சியாளர் 2006ல ஒரு கணக்கு சொன்னாருங்க, நாவலோ நியூஸ்பேப்பரோ யாரு தொணையும் இல்லாம படிக்கறதுக்கு 8000ல இருந்து 9000 வார்த்தைக் குடும்பம் (கோ, கோஸ், கோயிங் எல்லாம் சேந்து ஒரே குடும்பம்) தெரியோணுமாம், அத்தனை தெரிஞ்சாத்தான் ஒரு பக்கத்துல வர்ற வார்த்தைல 98 சதவீதம் தெரிஞ்சதா இருக்கும். அத்தனையும் லிஸ்ட் போட்டு உருப்போட ஆகாதுங்க. படிக்கறப்ப கண்ணுல படற வார்த்தைக்கு முன்ன பின்ன இருக்கற வாக்கியத்தை வெச்சு மொதல்ல நாமளே ஒரு அர்த்தம் ஊகிச்சு, அப்பறம் கோபில்டைத் தொறந்து சரி பாத்து, அன்னைக்கு எழுதற மெயில்லயே ஒருக்கா அதைப் போட்டுப் பாக்கறது, இதுதான் என்ற வழி. நல்லாவே நிக்குது.

கொறை இல்லாம இல்ல. எழுத்து பொடிசு, புக்கு நல்ல கனம், பஸ்ல வெச்சுப் படிக்கறதெல்லாம் நடக்காது. கெட், டேக் மாதிரி சாதா வார்த்தைக்கு பாரா பாராவா போயிட்டே இருக்கும். வார்த்தையோட வேர் லத்தீனா கிரேக்கமான்னு இதுல இருக்காதுங்க, அப்படிப் படிச்சுத்தான் மனசுல நிக்கும்ங்கறவிய வேற புக்கு பாத்துக்கோங்க. அடுத்த மாசம் பேங்க் எக்ஸாம் வெச்சிருக்கற தம்பிகளுக்கும் இது வேண்டாம், இதுக்கு நேரம் குடுக்கோணும்.

என்றது கோயமுத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடைல வாங்கின பழைய பதிப்பு. அதுல பக்கத்தோரமா தனிப் பத்தி ஒண்ணு ஓடும், இலக்கணக் குறிப்பெல்லாம் அங்க இருக்கறதால அர்த்தம் படிக்கறப்ப குறுக்க வராது, எனக்கு அதுதான் ரொம்பத் தோது. ஆனா ரொம்பப் பழசுல வெப்சைட், ஸ்மார்ட்போனெல்லாம் இருக்காதுங்க, புதுசு வேணும்னா ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுல தேடிப் பாருங்க. அதுக்கு முன்னாடி காலின்ஸ் வெப்சைட்ல கோபில்டு அர்த்தம் சும்மாவே கெடைக்குது, உங்களுக்கு அரைகொறையாத் தெரிஞ்ச வார்த்தை கொஞ்சத்தை அங்க போட்டுப் பாத்துட்டு, புடிச்சிருந்தா காசு போடுங்க.