தெர்மாகோல் சீலிங் டைல்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"திரும்பப் பெற இயலாது. உங்கள் புகார் முடிக்கப்பட்டது." நேற்று ராத்திரி வந்த கடைசிப் பதில் இது. என் இரண்டு மாதச் சம்பளம் மொத்தமாகப் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்த ஆளாவது தப்பிக்கட்டும்.

வாங்கியது வீட்டு அலங்காரச் சாமான் விற்கும் ஓர் இணையச் சந்தையில். பூ வேலைப்பாடு போட்ட பாலிஸ்டைரின் டைல்ஸ், அதாவது நம் தெர்மாகோலேதான். "தீப்பிடிக்காது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சமையலறைக்கும் ஒட்டலாமா என்று கேட்டேன். விற்பவர் உடனே ஒரு வீடியோ அனுப்பினார். டைலின் ஓரத்தில் லைட்டரைக் காட்டுகிறார். வெள்ளை நுரை சுருங்கிப் பின்வாங்குகிறது. லைட்டரை எடுத்ததும் ஒன்றுமே இல்லை. "பாத்தீங்களா சார், எரியவே இல்ல. தைரியமா ஒட்டுங்க." கூடவே ஓர் ஐரோப்பியச் சான்றிதழின் படம். இதையெல்லாம் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? பணத்தைக் கட்டினேன்.

அந்த வீடியோவில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. தெர்மாகோலின் பருமனில் சுமார் 98 சதவீதம் காற்று. 100 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிச் சுருங்கிவிடும். சின்னச் சுடர் என்றால் நுரை அதைவிட்டு விலகிப் போகும், அதனால் எரியாத மாதிரி தெரியும். அறையே தீப்பிடித்தால் விலகிப் போக இடம் ஏது? உருகி, எரியும் சொட்டாக மெத்தையிலும் திரைச்சீலையிலும் நம் தலையிலும் விழும். கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் வேறு. 1996 ஏப்ரலில் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில், வெல்டிங் வேலையின்போது கூரை இடைவெளியில் இருந்த பாலிஸ்டைரின் பற்றிக்கொண்டது. 17 பேர் செத்துப்போனார்கள்.

விளக்கு மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் முதலில் சொன்னார்: "இதுல லைட்டு வேணாங்க. ஒயரையும் கெடுத்துரும்." பிவிசி ஒயர் தெர்மாகோலைத் தொட்டபடியே கிடந்தால், ஒயரை இளக்கமாக வைத்திருக்கும் பொருளை நுரை உறிஞ்சிவிடும், ஒயர் விறைத்து, வெடிப்பு விடும். மிச்சத் துண்டு ஒன்றை வாசலில் வைத்து, சுடரை விடாமல் பிடித்தார். நெருப்பு சொட்டுச் சொட்டாகச் சிமெண்ட் தரையில் விழுந்தது, விழுந்த இடத்திலும் எரிந்தது. கரி நூல் நூலாகப் பறந்து அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தால், வகுப்பு "ஈ". எரியாத ஏ1 முதல் படுமோசமான எஃப் வரை போகும் தீ வகுப்பு வரிசையில் கடைசிக்கு முந்தியது. சின்னச் சுடரை 15 விநாடி காட்டி, எவ்வளவு பரவுகிறது என்று பார்க்கும் சோதனை, அவ்வளவுதான். அதுவும் இந்த டைலுக்கு வாங்கியதே இல்லை, ஏதோ சுவர்ப் பலகைக்கு!

சந்தைக்காரர்களைக் கேட்டால் "விற்பவரிடம் பேசுங்கள்". விற்பவரைக் கேட்டால் "சந்தையில புகார் போடுங்க". பிறகு "ஒட்டின சரக்க எடுக்க மாட்டோம்". பிறகு "நீங்க பெயிண்ட் அடிச்சிருப்பீங்க". அடிக்கவே இல்லை! கடைசியில் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: "இந்தப் பொருளுக்குச் சட்டத்தில் தடை இல்லையே." பல நாடுகளில் இதை விற்பதற்கோ, பழைய வீட்டில் ஒட்டியிருப்பதற்கோ தடை இல்லைதான். ஆனால் புதிதாகச் சீலிங் போடும்போது எந்தத் தீ வகுப்புப் பொருள் வேண்டும் என்று கட்டட விதிகள் கேட்கும். அமெரிக்க வீடுகளுக்கான மாதிரி விதி, இந்த மாதிரி நுரையைப் பொதுவாக அரை அங்குல ஜிப்சம் பலகையால் மறைக்கச் சொல்கிறது. என் புகார் தடையைப் பற்றியதே அல்ல. எரிகிற பொருளை எரியாது என்று சொல்லி விற்றார்களே, அதைப் பற்றியது. அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம்! பிரித்தெடுக்கும் கூலி தனி.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. லைட்டர் வீடியோவை நம்பாதீர்கள். சான்றிதழில் நீங்கள் வாங்கும் அதே பொருளின் பெயரும் தடிமனும் இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பளபளப்பு பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், தீ இன்னும் வேகமாகப் பரவும். அடுப்புக்கு மேலே இருப்பதை முதலில் பிரித்துவிடுங்கள். பிரிக்கும்போது பசையை இளக்க ஹீட் கன் கொண்டுவருகிற ஆளை உள்ளேயே விடாதீர்கள்.