ஐஸ் ஆலைக் கொம்பிரசரை யார் ஓட்டுவது: பி.எல்.சி.யா, பைத்தனா, அன்சிபிளா?

கொட்பே மீன்பிடித் துறைமுகத்து வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமோனியா கொம்பிரசர், உப்புநீர்த் தொட்டி, சில பம்புகள், அவற்றை ஆளும் ஒரு பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கவென்றே செய்த சிறு கட்டுப்பாட்டுக் கணினி). திருகோணமலையில் ஐ.டி. படித்துவிட்டு வரும் தம்பிமார் இதைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "சேர்வரையே ஸ்கிரிப்டால ஓட்டுறம், இதை ஏலாதா அண்ணா?"

ஏலும். பைத்தன் நிரல்மொழியில், பி.எல்.சி.யோடு பேச உதவும் பைமொட்பஸ் நூலகத்தைப் போட்டால் சில வரிகளிலேயே மோட்டார் சுற்றும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தப் பேச்சுக்கான விதிமுறையான மொட்பஸ் 1979இல் வந்தது. அதன் வழமையான வடிவத்தில் கடவுச்சொல் கிடையாது. வலையமைப்பில் அதன் 502ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) எட்டும் எவரும் கட்டளை எழுதலாம். கையேடு 40001 என்று சொல்லும் ரெஜிஸ்டர் (பி.எல்.சி. ஒரு எண்ணை வைக்கும் இடம்) நூலகத்தில் பெரும்பாலும் 0. ஒன்று தள்ளி எழுதினால் வேறேதோ அளவு மாறிவிடும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேறு. பம்பை ஓடவிட்ட கையோடு கணினி உறைந்துபோனால், பி.எல்.சி.யில் கடைசியாக எழுதிய 1, அதாவது 'ஓடு' என்ற கட்டளை, அப்படியே நிற்கும். பம்பும் நிற்காமல் ஓடும்.

பல கணினிகளை ஒரேயடியாக அமைக்கும் கருவியான அன்சிபிள் 2012இல் சேர்வர்களுக்காகப் பிறந்தது. ஒரு பிளேபுக் (அதன் கட்டளைப் பட்டியல்) ஓடி முடியவே பல விநாடி எடுக்கும். ஏறும் அமோனியா அழுத்தம் அதுவரை காத்திராது. ஆலைக் கணினிகளை ஒரே அமைப்பில் வைக்கவும் பேக்கப் எடுக்கவும் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

பி.எல்.சி.க்குள் ஓடும் லேடர் நிரலோ சில மில்லி விநாடிக்கொரு தடவை உள்ளீடுகளை வாசித்து, முடிவெடுத்து, வெளியீட்டை மாற்றுகிறது. கரண்ட் போய் வந்தால் கணினி எழும்பும் முன்பே வேலைக்கு வந்துவிடும். குறையும் உண்டு: அறிக்கை தயாரிப்பதும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதும் அதில் பெரும் பாடு, மென்பொருள் உரிமமும் விலை.

ஆகவே என் தெரிவு இது. அமோனியா அழுத்தம் எல்லை மீறினால் உயரழுத்த சுவிட்ச் நேரடி வயரில் கொம்பிரசரை நிறுத்தட்டும். மற்றப் பாதுகாப்பெல்லாம் லேடரில். உப்புநீருக்கு இன்ன வெப்பநிலை வேண்டும் என்று பைத்தன் கேட்கலாம், அவ்வளவுதான். அதுவும் −12 முதல் −8 பாகைக்குள் இருந்தால்தான் பி.எல்.சி. ஏற்கும். கூடவே ஸ்கிரிப்ட் விநாடிக்கொருமுறை ஒரு ரெஜிஸ்டரில் எண்ணைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 5 விநாடி எண் மாறாவிட்டால் பி.எல்.சி. தன் சொந்த அளவுக்குத் திரும்பி அலாரம் அடிக்கட்டும்.

ஆலையை ஒப்படைக்கும் முன், உரிமையாளர் பக்கத்தில் நிற்க, கொம்பிரசர் ஓடும்போதே லான் வயரைக் கழற்றிக் காட்டுங்கள். அலாரம் அடித்து, குளிரும் குறையாமல் நின்றால் கையொப்பம் வாங்கலாம்.