ஆண்டின் பிடித்த ஆல்பங்கள்: எண்ணிக்கையா, நட்சத்திரமா, நேருக்கு நேரா, நூறு புள்ளியா?

ஓராண்டில் நாற்பது, ஐம்பது ஆல்பங்களை முழுதாகக் கேட்டவரிடம் பிடித்த பத்தைச் சொல்லச் சொன்னால் முதல் மூன்று சட்டென்று வந்துவிடும். நாலாவதிலிருந்துதான் திண்டாட்டம். ஒரே ஆல்பம் திங்கட்கிழமை ஏழாவது இடத்தில் இருக்கும், வியாழக்கிழமை பட்டியலிலேயே இருக்காது. அதனால்தான் ஏதாவது ஒரு முறை தேவைப்படுகிறது. ரசிகர்களிடம் நாலு முறைகள் புழங்குகின்றன: எத்தனை தடவை கேட்டோம் என்ற எண்ணிக்கை, நட்சத்திர மதிப்பெண், இரண்டிரண்டாக நேருக்கு நேர் நிறுத்துவது, நூறு புள்ளியைப் பங்கு போடுவது. ஒரே ஆண்டுக்கு நாலும் நாலு விதமான பட்டியலைத் தரும். ஒவ்வொன்றும் அளப்பது வேறு என்பதுதான் காரணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐம்பதைப் பன்னிரண்டாகச் சுருக்க எண்ணிக்கை போதும். பன்னிரண்டை வரிசைப்படுத்த நேருக்கு நேர் முறைக்கு ஈடு இல்லை. ஒன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று காட்ட நூறு புள்ளி. நட்சத்திரத்தைக் குறிப்பேடாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

முதலில் ஆண்டின் எல்லை

எந்த முறையானாலும் எது இந்த ஆண்டு ஆல்பம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். காலண்டர் ஆண்டை அப்படியே எடுத்தால் டிசம்பர் ஆல்பங்கள் அடிபடும். 2013-இல் அமெரிக்கப் பாடகி பியான்சே டிசம்பர் 13 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு முழு ஆல்பத்தை வெளியிட்டபோது பல பத்திரிகைகளின் ஆண்டுப் பட்டியல்கள் ஏற்கெனவே வெளிவந்துவிட்டன. அமெரிக்க இசை விருதான கிராமிகூடக் காலண்டர் ஆண்டைப் பின்பற்றுவதில்லை. 67-ஆவது விருதுக்கு 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை வெளிவந்தவைதான் தகுதி பெற்றன. தனி ரசிகருக்கு டிசம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை என்ற எல்லை நன்றாக ஒத்துவரும். கடைசியாக வந்த ஆல்பத்துக்கும் சில வாரமாவது கிடைக்கும். மறுவெளியீடுகளையும் பழைய பாட்டுகளின் நேரலைப் பதிவுகளையும் தனிப் பட்டியலில் போடுவது நல்லது. பத்து வருடமாக நெஞ்சில் ஊறிய பாட்டோடு போன மாதம் வந்த பாட்டைப் போட்டியிட வைப்பது நியாயமில்லை.

எண்ணிக்கை: உழைப்பு இல்லை, பொறிகள் நிறைய

ஆப் தானாகக் கணக்கு வைத்துக்கொள்வதால் இதில் கைவேலை கிடையாது. ஆனால் அது எதைக் கணக்கில் எடுக்கிறது என்று தெரியாமல் நம்பக்கூடாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம், அதாவது ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. நாம் கேட்பதைப் பதிவு செய்து வைக்கும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தில் 30 விநாடிக்கு மேல் நீளமுள்ள பாட்டுதான் பதிவாகும். அதுவும் பாட்டின் பாதி அல்லது 4 நிமிடம், எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடியிருக்க வேண்டும். 45 நிமிட ஆல்பத்தில் 5 நீளப் பாட்டுகள் இருந்தால் ஒரு முழுக் கேட்புக்கு 5 பதிவு. அதே 45 நிமிடத்தில் 18 சின்னப் பாட்டுகள் இருந்தால் 18 பதிவு. இரண்டையும் ஒரே அளவு கேட்டவருக்கு ஒன்று மூன்றரை மடங்குக்கும் மேல் பிடித்ததாகக் காட்டும்.

அதைவிடப் பெரிய பொறி ஒற்றைப் பாட்டு. 12 பாட்டுள்ள ஓர் ஆல்பத்துக்கு மொத்தம் 150 பதிவு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒரே பாட்டுக்கு 84, மீதி 11 பாட்டுக்கும் தலா 6. இன்னொரு 12 பாட்டு ஆல்பத்துக்கு மொத்தம் 120, ஒவ்வொரு பாட்டுக்கும் 10. மொத்தக் கணக்கில் முதல் ஆல்பம் ஜெயிக்கிறது. ஆனால் ஆல்பமாக அதை ஆறு தடவைதான் கேட்டிருக்கிறோம். இரண்டாவதைப் பத்துத் தடவை. ஆகவே மொத்தத்தைப் பார்க்காமல் இடைநிலை எண்ணைப் பாருங்கள். பாட்டுகளை எண்ணிக்கை வாரியாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண் அது. முதலாவதுக்கு 6, இரண்டாவதுக்கு 10. இந்த ஒரு திருத்தத்திலேயே பட்டியல் பாதி நேராகிவிடும். 84 தடவை ஓடிய பாட்டுக்கு உரிய இடம் ஆண்டின் சிறந்த பாட்டுகள் பட்டியல்.

திரைப்பட ஆல்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டுக்கு ஒரு பாடகர் என்பதால், சொந்தக் கோப்புகளில் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ குறிச்சொல் காலியாக இருந்தால் பல பிளேயர்கள் ஒரே ஆல்பத்தை ஐந்தாறு துண்டாக உடைத்துவிடும். அந்த இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போட்டால் சரியாகும். முன்கூட்டியே சிங்கிளாக வந்த பாட்டின் பதிவுகள் வேறு தலைப்பில் தங்கியிருக்கும். கூடுதல் பாட்டுகளோடு வரும் டீலக்ஸ் பதிப்பும் தனியாக நிற்கும். கையால் கூட்டிச் சேர்க்க வேண்டியதுதான். சிடியிலும் இசைத்தட்டிலும் கேட்டது எங்கேயும் ஏறாது.

காலம் என்ற காரணியும் இருக்கிறது. பிப்ரவரி ஆல்பத்துக்கு நாற்பது வாரம், அக்டோபர் ஆல்பத்துக்கு ஆறு வாரம். வாரத்தால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். அது எதிர்ப்பக்கம் சாய்த்துவிடும். வெளியான முதல் இரண்டு வாரம் எதையும் வெறியோடுதான் கேட்போம், அதனால் வகுத்தால் புதியவை எல்லாம் மேலே ஏறும். வெளியான நாளிலிருந்து 30 நாள் கழித்து எத்தனை முழுக் கேட்பு நடந்தது என்று மட்டும் எண்ணுவதே சரியான அளவு. புதுமோகம் தீர்ந்த பிறகும் திரும்பிப் போனோமா என்பதை அந்த எண்தான் சொல்லும். நவம்பர் ஆல்பங்களுக்கு இது பொருந்தாது. அவற்றை எண் பார்க்காமல் நேராக அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடலாம்.

இவ்வளவு திருத்திய பிறகும் எண்ணிக்கை காட்டுவது பழக்கத்தைத்தான். வேலை செய்யும்போது பின்னணியில் ஓடும் மெல்லிய வாத்திய இசை நூறு தடவை ஓடியிருக்கும். உலுக்கி எடுத்த ஆல்பத்தை ஐந்து தடவைக்கு மேல் கேட்க நெஞ்சு தாங்காது. அந்த ஐந்துக்கு எந்த ஆப்பிலும் எடை கிடையாது. அதனால் சுருக்கும்போது எண்ணிக்கையால் பத்து ஆல்பத்தைத் தேர்ந்து, எண் குறைவாக இருந்தாலும் விட மனசில்லாத இரண்டுக்குக் கட்டாயம் இடம் ஒதுக்குங்கள்.

நட்சத்திரம்

ஐந்து நட்சத்திரம், அரை அரையாக என்றால் தாளில் பத்துப் படிகள். நடைமுறையில் பிடித்த ஆல்பங்கள் எல்லாம் மூன்றரை, நாலு, நாலரை என்ற மூன்று படிகளில் நெரிசலாக நிற்கும். முப்பது ஆல்பம் மூன்று படியில் நின்றால் அங்கே வரிசை ஏது? மார்ச்சில் கொடுத்த நாலும் நவம்பரில் கொடுத்த நாலும் ஒரே நாலு அல்ல என்பது இன்னொரு குறை. ஆண்டு போகப் போக அளவுகோல் நகரும். நன்றாகத் தெரிந்த மூன்று பழைய ஆல்பங்களை மூன்று, நாலு, ஐந்துக்கு அளவுகல்லாக வைத்து, இரண்டு மாதத்துக்கொரு முறை அவற்றைக் கேட்டுவிட்டு மதிப்பெண் போட்டால் நகர்வு குறையும்.

பாட்டு வாரியாக மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பவர்கள் நீளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 4 நிமிடப் பாட்டு பத்து, தலா 4.5, நடுவே 1 நிமிட இடையிசை இரண்டு, தலா 2. சாதாரணச் சராசரி 4.08. நிமிடத்தால் பெருக்கிக் கூட்டி 42 நிமிடத்தால் வகுத்தால் 4.38. இரண்டு நிமிடச் சில்லறை ஓர் ஆல்பத்தை மூன்று, நாலு இடம் கீழே தள்ளியிருக்கும். ஆனாலும் பாட்டுகளின் வரிசை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் விதம், முடிவு வந்து சேரும் அழகு எதுவும் சராசரியில் அகப்படாது. ஆல்பத்தை ஆல்பமாக்குவதே அவைதான்.

நேருக்கு நேர்: இதுதான் என் தேர்வு

இரண்டு ஆல்பத்தை நிறுத்தி, இதா அதா என்று கேட்பது. மனசு எண் போடத் தடுமாறும், இரண்டில் ஒன்றைத் தொடத் தடுமாறாது. விலை நேரம்தான். எல்லோரையும் எல்லோரோடும் மோதவிட்டால் 10 ஆல்பத்துக்கு 45 மோதல், 20-க்கு 190, 40-க்கு 780. அதனால்தான் முதலில் பன்னிரண்டாகச் சுருக்கச் சொல்வது. அந்தப் பன்னிரண்டுக்கும் 66 மோதல் வேண்டியதில்லை. ஏற்கெனவே வரிசையான ஏழு ஆல்பத்துக்குள் எட்டாவது வருகிறது என்றால் முதலில் நடுவில் நிற்கும் நாலாவதோடு மோதவிடுங்கள். ஜெயித்தால் இரண்டாவதோடு, அங்கே தோற்றால் மூன்றாவதோடு. மூன்றே மோதலில் இடம் கிடைத்துவிடும். இப்படிச் செருகிக்கொண்டே போனால் 12 ஆல்பத்துக்கு அதிகபட்சம் 33 மோதல்.

கேட்கும் கேள்வி மாறக்கூடாது. ‘இன்று ராத்திரி எதைக் கேட்பாய்?’ என்றால் அன்றைய மனநிலை பதில் சொல்லும். ‘அடுத்த ஓராண்டுக்கு இரண்டில் ஒன்றுதான் கையில் இருக்கும் என்றால் எது?’ என்று கேட்டால் ஆல்பம் பதில் சொல்லும். இந்தக் கேள்வியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அ-வை ஆ-வைவிடப் பிடிக்கிறது, ஆ-வை இ-யைவிட, ஆனால் இ-யை அ-வைவிட என்று சுற்றினால் நடுவில் எங்கோ கேள்வி மாறிவிட்டது என்று அர்த்தம். மூன்றையும் மறுநாள் ஒரே கேள்வியோடு திரும்ப மோதவிடலாம். அப்போதும் சுற்றினால் மூன்றுக்கும் ஒரே இடம் கொடுத்துவிடுவதுதான் நேர்மை.

இந்த முறையைக் கெடுப்பது ஒலி அளவு. ஒன்று இன்னொன்றைவிட ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது. தெளிவு, உயிரோட்டம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆல்பத்தின் சராசரிச் சத்தத்தை எல்.யூ.எஃப்.எஸ். என்ற அலகில் அளப்பார்கள். மைனஸ் 7 எல்.யூ.எஃப்.எஸ்.-இல் மாஸ்டர் செய்த (வெளியீட்டுக்கு இறுதி வடிவம் கொடுத்த) ஆல்பத்தையும் மைனஸ் 14-இல் செய்ததையும் அப்படியே ஓட்டினால் 7 டெசிபெல் வித்தியாசம். மென்மையாகப் பதிவான ஆல்பத்துக்கு அங்கே வாய்ப்பே இல்லை. ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பை ஆன் செய்யுங்கள். ஆல்பத்தை வரிசையாக ஓட்டுங்கள், ஷஃபிளில் போட வேண்டாம். வரிசையாக ஓட்டினால் ஸ்பாட்டிஃபை ஆல்பம் முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும். ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன்செய்யும். சொந்தக் கோப்புகளுக்கு, பிளேயர்களில் ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெய்ன் வசதியில் ‘ஆல்பம்’ முறையை எடுக்க வேண்டும். ‘டிராக்’ முறை, தாழ்ந்து ஒலிக்க வேண்டிய பாட்டையும் தூக்கி நிறுத்தி இசையமைப்பாளர் வைத்த ஏற்ற இறக்கத்தை அழித்துவிடும். ஹெட்ஃபோனும் கடைசி வரை ஒன்றே.

இரண்டையும் ஒரே அமர்வில் கேட்டால் இரண்டாவது ஆல்பம் களைத்த காதோடு மோதும். நாளுக்கு ஒன்று என்று பன்னிரண்டையும் பன்னிரண்டு நாளில் ஒரு சுற்று முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு மோதல்களை நடத்தலாம். பெரும்பாலான மோதல்கள் நினைவிலேயே தீர்ந்துவிடும்.

நூறு புள்ளி

நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ விமர்சகர் வாக்கெடுப்பின் விதி இது: பத்து ஆல்பம், மொத்தம் 100 புள்ளி, ஒன்றுக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30. ஒருவர் 30, 18, 12, 8, 7, பிறகு ஐந்து ஐந்தாகக் கொடுக்கிறார். இன்னொருவர் 12, 12, 11, 11, 10, 10, 9, 9, 8, 8 என்று கொடுக்கிறார். முதலாமவர் ஒரே ஆல்பத்தோடு வாழ்ந்திருக்கிறார். இரண்டாமவருக்குப் பத்தும் ஏறக்குறைய சமம். வெறும் வரிசை இதைக் காட்டாது.

நண்பர்கள் கூடிப் போடும் பட்டியலில் இது இன்னும் முக்கியம். ஆறு பேர், முதலிடத்துக்கு 10, பத்தாம் இடத்துக்கு 1 என்று எண்ணுகிறோம். ஆறு பேரும் ஐந்தாவதாக வைத்த ஆல்பத்துக்கு 36. மூன்று பேர் முதலிடம் கொடுத்து மற்ற மூவர் விட்டுவிட்ட ஆல்பத்துக்கு 30. யாருக்கும் தலைபோகிற அளவுக்குப் பிடிக்காதது மேலே ஏறிவிடுகிறது. நூறு புள்ளி முறையில் அந்த மூவரும் 30 கொடுத்திருந்தால் 90. மற்றதற்கு ஆறு பேரும் 8 கொடுத்திருந்தால் 48. முடிவே தலைகீழ். ஒருவரே தன் புள்ளியில் பெரும்பகுதியை ஓர் ஆல்பத்தில் கொட்டிவிடாமல் தடுக்கத்தான் 30 என்ற வரம்பு, அதைத் தளர்த்தக்கூடாது.

தனியாகப் போடுபவர் நேருக்கு நேர் முறையில் வரிசை முடிந்த பிறகு புள்ளியைப் பங்கு போடலாம். பத்தாம் இடத்துக்கு இரண்டு ஆல்பங்கள் முட்டிக்கொண்டு நின்றால் இரண்டிலும் கடைசி மூன்று பாட்டுகளை மட்டும் திரும்பக் கேளுங்கள். நல்ல பாட்டுகளை முன்னால் அடுக்கிவிட்டு மீதியைப் பின்னால் தள்ளிய ஆல்பம் அங்கே பிடிபட்டுவிடும்.